லெபலாலேயில் குழந்தைகளுடன் குடியேறலாமா?

கணவருக்குத் தென்னாப்பிரிக்காவின் லிம்போப்போ மாகாணத்தில் உள்ள லெபலாலேயில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கே திருட்டு பெருகிவிட்டதாமே, குழந்தைகளுடன் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போகலாம், சகோதரி. ஆனால் வேலிக்குள் வீடு எடுக்காதீர்கள்.

நான் டர்பன் நகரில் நம் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவன். லெபலாலேயில் மெடுபி அனல்மின் நிலையக் கட்டுமானத்துக்கு வெல்டராகப் போனேன். குரூட்டகெலுக் நிலக்கரிச் சுரங்கமும் மட்டிம்பா மின்நிலையமும் அங்கே முன்பே இருந்தன. 2007இல் மெடுபி வேலை தொடங்கியதும் ஆட்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். வாடகை ஏறியது, மருத்துவமனையில் வரிசை நீண்டது. எது காணாமல் போனாலும் ஒப்பந்தத் தொழிலாளிதான் எடுத்திருப்பான் என்றார்கள். நானும் ஒப்பந்தத் தொழிலாளிதான். அந்தப் பேச்சு இன்றும் வலிக்கிறது.

முதல் இரண்டு ஆண்டுகள் மின்வேலி போட்ட குடியிருப்பில் இருந்தேன். ஒரு ஆணிகூடத் திருட்டுப் போகவில்லை. ஆனாலும் இரவில் நாய் குரைத்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அடுத்த அறையில் இருப்பவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பிறகு அதே ஊரின் ஒன்வெர்வாக்ட் பகுதியில், வேலியில்லாத தெருவில் வீடு எடுத்தேன். அங்கேதான் திருட்டு நடந்தது: எரிவாயு சிலிண்டரும் வெல்டிங் கருவிகளும் போயின. அன்றிரவே நான்கு வீட்டுக்காரர்கள் டார்ச்சுடன் வந்து நின்றார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, விடியும்வரை என்னுடன் உட்கார்ந்திருந்தார். மறுநாள் நான் நன்றாகத் தூங்கினேன்.

வில்லியம் ஃப்ராய்டன்பர்க் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், கொலராடோவில் திடீரென வளர்ந்த ஊர் ஒன்றையும் அப்படி வளராத ஊர்களையும் ஒப்பிட்டு 1986இல் எழுதினார். ஆள்தொகை சட்டென்று பெருகும்போது ஒருவரையொருவர் அறிந்தவர்களின் விகிதம் குறைகிறது, தெருவைக் கவனிக்கும் கண்களும் குறைகின்றன என்பது அவர் கருத்து. சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த எனக்கு இது புதிதல்ல. அங்கேயும் குற்றம் உண்டு, ஏராளமாக உண்டு. ஆனால் சுவரேறிக் குதிக்கும் பையன் யார் வீட்டுப் பேரன் என்று எங்கள் தெரு அக்காமார்களுக்குத் தெரியும். 1960களில், மக்களை இனவாரியாகப் பிரித்துக் குடியமர்த்திய குழுப் பகுதிச் சட்டத்தால் பிடுங்கி நடப்பட்டவர்கள் கட்டிய தெரு அது.

ஒன்றை மறைக்கக்கூடாது. மெடுபியின் கடைசி மின்னுற்பத்தி அலகின் வேலையும் 2021இல் முடிந்தது. வேலைக்கு வந்தவர்களில் பலர் வேலையின்றி அங்கேயே தங்கிவிட்டார்கள். கதவைப் பூட்டத்தான் வேண்டும்.

அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவரை ‘ந்தாத்தே’ என்று அழைப்பேன். அவர் மொழியில் அப்பா என்று பொருள். என் காதில் நம் தாத்தாவாகவே விழும். பொங்கலன்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். மறுநாள் அதே கிண்ணம் நிறைய மருலாப் பழங்களுடன் வேலியோரம் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.