நிலைக்கு வயது சொல்வது யார்?

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் என் சிற்றப்பா சிறியதாகப் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். சென்ற மாதம் கஜலட்சுமி உருவம் செதுக்கிய கதவு நிலை ஒன்றைத் ‘தொல்பொருள்’ என்று சொல்லிக் காவலர்கள் எடுத்துச் சென்றார்கள். அதே வாரம் எங்கள் ஊரில் ஒரு வீட்டையே பிரித்துத் தூண்களை லாரியில் ஏற்றினார்கள், ஒருவரும் கேட்கவில்லை. அதிகாரிகள் நேர்மையாக இருந்தால் இப்படி நடக்குமா?

— வாசகர், தேவகோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

நேர்மை மட்டும் இங்கே போதாது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டத்தின்படி, சிற்பம், ஓவியம், கைவினைப் பொருள் மட்டுமல்லாமல், கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த எந்தப் பொருளும் நூறாண்டுக்குக் குறையாததாக இருந்தால் தொல்பொருளாகிவிடுகிறது. அதை உரிமம் இல்லாமல் வணிகம் செய்வது குற்றம். செட்டிநாட்டில் இந்த வரையறைக்குத் தப்புவது எது? தூணும் நிலையும் இருக்கட்டும், பழைய வீட்டின் தாழ்ப்பாள்கூடத் தப்பாது.

நூறு என்ற எண் தெளிவானதுதான். ஆனால் 1930இல் குடிபுகுந்த வீட்டின் நிலை, யாரும் தொடாமலே 2030இல் தொல்பொருளாகிவிடும். அதே ஆசாரி ஐந்து வருடம் கழித்துப் பக்கத்து வீட்டுக்குச் செதுக்கியது ஆகாது. இரண்டையும் கடைச் சுவரில் சாய்த்துவைத்தால், எண்ணெய்ப் பிசுக்கேறி, மஞ்சளும் குங்குமமும் வரிகளுக்குள் இறுகிப்போன அந்தத் தேக்கைப் பார்த்து எந்தக் காவலர் வயது சொல்வார்? பிடிபடத் தக்கவர்கள் ஊரெல்லாம் இருக்கும்போது யாரைப் பிடிப்பது என்பது அவர் விருப்பமாகிவிடுகிறது. தெருவைப் பார்த்த கடை கண்ணில் படும்; இரவில் போகும் லாரி படாது. ஒரு ரூபாய் கைநீட்டாதவரிடமும் இதுதான் நடக்கும்.

இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென அறிவித்தபோது, ‘எரிச்சல்’, ‘இடையூறு’ போன்ற வரையறுக்கப்படாத சொற்களைத்தான் முக்கியக் குறையாகக் காட்டியது. ஆனால் அந்தத் தீர்வு இங்கே பொருந்தாது. சட்டத்தையே நீக்கினால் எஞ்சிய வீடுகளும் கப்பலேறும். பொருள்களைப் பட்டியலிட்டாலோ, பட்டியலில் இல்லாத பெயரை ரசீதில் எழுத நம்மவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை (நானும் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன்தான்). ஆகவே சொல் அகலமாக இருப்பதை ஏற்றுக்கொள்ளலாம். அதற்குப் பொருள் சொல்லும் வேலையைக் காவலரிடம் விடுவதைத்தான் ஏற்க முடியாது.

சட்டமும் அப்படி விடவில்லை. ஒரு பொருள் தொல்பொருளா என்ற கேள்வி எழுந்தால், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநருக்கோ, அவர் அதிகாரமளித்த, இயக்குநர் நிலைக்குக் குறையாத அலுவலருக்கோ அனுப்ப வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. அவர் முடிவே இறுதியானது. பறிமுதலுக்கு முன்பே இது நடக்க வேண்டும் என்பது என் கருத்து. நடைமுறையில் பொருள் காவல் நிலையத்தில் கிடக்க, கேள்வி எழுப்பும் செலவும் அலைச்சலும் சிறிய கடைக்காரர் தலையில் விழுகின்றன.

சிற்றப்பா ஒரு வழக்கறிஞர் மூலம் அந்தக் கேள்வியை எழுத்தில் எழுப்பட்டும். நிலை வந்த வீடு இன்னும் நின்றால், முகப்பில் கட்டிய ஆண்டு சுதையில் இருக்கிறதா என்று பார்த்துப் படமெடுத்து இணையுங்கள். இடித்துவிட்டார்கள் என்றால், பங்காளிகள் யார் பெட்டகத்திலாவது குடிபுகு விழாவின் அழைப்பிதழ் கிடக்கும், தேடிப் பாருங்கள்.