கோலாலம்பூரில் பெயிண்ட்பால் ஆடத் தொடங்குபவர் எந்த மார்க்கரை வாங்கலாம்?

மார்க்கர் என்பது வாயு அழுத்தத்தால் சாய உருண்டையைச் சுடும் கருவி. புதியவருக்கு பேட்டரி வேண்டாத, டிப்மன் 98 போன்ற மெக்கானிக்கல் மார்க்கரே போதும். கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் மாதிரிதான்: எடுப்பாக இருக்காது, ஆனால் சேறு பட்டாலும் ஓடும், பிரித்து மாட்டுவதும் சுலபம். காற்று ஒழுகினால் பெரும்பாலும் தேய்ந்த ரப்பர் வளையம்தான் காரணம்.

கார்பன் டை ஆக்சைடு கலனைவிட அழுத்தக் காற்றுக் கலன் நல்லது. முன்னதன் அழுத்தம் நம்மூர் வெயிலில் ஏறும், தொடர்ந்து சுட்டால் குளிர்ந்து இறங்கும். வேகம் ஒரே சீராக இருக்காது. அப்புறம், உருண்டையின் ஓடு ஜெலட்டின். ஈரக்காற்றில் ஊதிப்போய் குழலுக்குள்ளேயே உடையும். அதற்கு மார்க்கரைத் திட்டிப் பயனில்லை. வாங்கும் முன் போலீஸ் அனுமதி பற்றிக் கேட்டுவிடுங்கள்.

விலை கூடினால் உருண்டை அதிக தூரம் போகும் என்று நினைக்காதீர்கள்: எந்த மார்க்கரானாலும் களத்தில் வேகம் வழக்கமாக நொடிக்கு 300 அடிக்குள்தான்.