வருகிறேன் என்றவர் வரவில்லை, அந்தச் சாப்பாட்டுக் காசு யாருடையது?

கேள்வி: கல்லூரி முடித்து 20 வருடம் ஆனதால் எங்கள் வகுப்பு நண்பர்களை ஒன்று சேர்த்து, ஒரு ஹோட்டல் பார்ட்டி ஹாலில் மதிய பஃபேக்கு ஏற்பாடு செய்தேன். தலைக்கு 900 ரூபாய், 5% வரி தனி. வாட்ஸ்அப் குரூப்பில் 38 பேர் வருவதாகச் சொன்னார்கள். இரண்டு மூன்று பேர் குறையலாம் என்று ஹோட்டலில் 35 பேருக்கு உறுதி சொல்லி, 10,000 ரூபாய் அட்வான்ஸும் கட்டினேன். வந்தது 27 பேர். வராத எட்டு பிளேட்டுக்கும் ஹோட்டலில் பணம் வாங்கிவிட்டார்கள், அது என் கையிலிருந்து போனது. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இப்போது அடுத்த சந்திப்பையும் நீயே நடத்து என்கிறார்கள். என்ன செய்ய? – வாசகி, கோவை

பதில்: முதலில் போன பணம். எட்டு பிளேட், 7,200 ரூபாய், வரியோடு 7,560. ஹோட்டல்காரர் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. பஃபேயில் மினிமம் கேரண்டி என்று ஒரு எண்ணிக்கை பேசிவிட்டால் அதற்குத்தான் சமைப்பார்கள், அதற்குத்தான் பில் போடுவார்கள். ஆனால் அந்தத் தொகையை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்? வருகிறேன் என்று சொல்லி வராதவர்கள் 11 பேர், அவர்களுக்குள் பிரித்தால் ஆளுக்கு 690 ரூபாய்கூட வராது. பில்லைப் படம் எடுத்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், குரூப்பில் போடாதீர்கள். குரூப்பில் போட்டால் கொடுக்க நினைப்பவரும் முறைத்துக்கொள்வார். "உன் சாப்பாட்டுக்கும் சேர்த்து ஹோட்டலில் கட்டிவிட்டேன், உன் பங்கு இவ்வளவு" என்று ஒரே ஒரு தடவை கேளுங்கள். பாதிப் பேராவது அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். மீதியைத் துரத்த வேண்டாம், ஆனால் யார் யார் என்பது உங்கள் நினைவில் இருக்கட்டும்.

அடுத்த சந்திப்புக்கு வருவோம். நீங்கள் எண்ணியது தலைகளை இல்லை, கட்டைவிரல் எமோஜிகளை. காசு போடாத வரை 'வருகிறேன்' என்பதற்கு 'முடிந்தால் பார்க்கலாம்' என்றுதான் பொருள், அதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது. அதனால் பணம் வந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். 200, 300 ரூபாய் டோக்கன் வாங்குவது வீண் வேலை, ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயிலைப் பார்த்ததும் அந்த 200 ரூபாயை மறந்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். முழுத் தொகையையும் வாங்குங்கள். தலைக்கு 945 ஆகிறதென்றால் 1,000 ரூபாயாக. மிச்சமாகும் 55 ரூபாயில் பரிமாறுபவர்களுக்கு டிப்ஸ், கேக், கடைசி நேரத்தில் குழந்தைக்கு ஆஸ்பத்திரி என்று வர முடியாமல் போனவருக்குத் திருப்பித் தருவது எல்லாம் அடங்கும். கணக்கை மறுநாளே குரூப்பில் போட்டுவிடுங்கள்.

1,000 ரூபாய் எல்லோருக்கும் ஒன்றல்ல. 20 வருடத்தில் ஒருவர் கம்பெனி வைத்திருப்பார், ஒருவர் வேலை போய் வீட்டில் இருப்பார், அவர் காரணம் சொல்லாமல் ஒதுங்கிவிடுவார். 'வராத ஆள்' என்று நாம் திட்டுகிறவர்களில் இப்படிச் சிலர் எப்போதும் உண்டு. கூட்டத்தில் கை இறுக்கமாக இருப்பவர்களை மனதில் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தலைக்கு 300 ரூபாயில் நல்ல வாழையிலைச் சாப்பாடு போட்டால் சந்திப்பு ஒன்றும் மட்டமாகிவிடாது.

பணத்தைத் திருப்பித் தருவதற்கும் ஒரு தேதி வேண்டும். இறுதி எண்ணிக்கையை எத்தனை நாள் முன்பு வரை மாற்றலாம் என்று ஹோட்டலில் கேளுங்கள், அதற்கு இரண்டு நாள் முந்தைய தேதியை நண்பர்களுக்குச் சொல்லுங்கள். அதுவரை விலகினால் முழுப் பணமும் திரும்ப வரும், அதற்குப் பிறகு, ஆஸ்பத்திரி மாதிரி அவசரம் தவிர, தன் இடத்துக்கு வேறு ஆள் கொண்டுவந்தால்தான். பணம் வாங்கும் முன்பே இதை எழுதிப் போட்டுவிட வேண்டும், பிறகு சொன்னால் சண்டைதான்.

ஹோட்டலில் பேசும்போது எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லுங்கள். 32 பேர் பணம் கட்டியிருந்தால் 28க்கு உறுதி கொடுத்துவிட்டு, நாலைந்து பேர் கூடினால் சமாளிப்பீர்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். கூட்டிச் சொல்லிவிட்டுக் குறைப்பதுதான் நடக்காது. அட்வான்ஸ் கடைசி பில்லில் கழியுமா, தேதியே மாறினால் அது என்ன ஆகும் என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அன்று பேசிய மேனேஜர் சந்திப்பு நாளில் லீவில் இருப்பார்.

வரியையும் கேளுங்கள். சாதாரண உணவகத்தில் ஜிஎஸ்டி 5%தான், ஆனால் அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் பெரிய ஹோட்டல்களுக்குள் இருக்கும் உணவகத்தில் 18%, அப்போது அதே 900 ரூபாய் பிளேட் 1,062 ஆகிவிடும். சர்வீஸ் சார்ஜ் வேறு விஷயம். அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 30 பேர் சாப்பாட்டில் 10% என்றால் 2,700 ரூபாய், எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு அழைத்துப் புகார் சொல்லலாம்.

பணத்தை உங்கள் சம்பளக் கணக்கில் வாங்காமல், சும்மா கிடக்கும் வேறொரு சேமிப்புக் கணக்கின் க்யூஆர் கோடை அனுப்புங்கள். வீட்டுச் செலவோடு கலந்துவிட்டால் யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றும்.

அப்புறம், "நான் நேரில் வந்து தந்துவிடுகிறேன்" என்று நாலு பேராவது கண்டிப்பாகச் சொல்வார்கள். அவர்கள் பெயரைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். வந்தால் ஹோட்டலிலேயே கூடுதல் பிளேட்டுக்கு அவர்களே கட்டிக்கொள்ளட்டும்.