டிராம் ஓட்டுநரும் நீதிபதியும்

அன்புள்ள ஐயா,

முதுகலைத் தத்துவம் படிக்கிறேன். கட்டுப்பாடிழந்து ஓடும் டிராமின் பாதையில் இருக்கும் ஐவரைக் காப்பாற்ற, அதை வேறு தடத்தில் திருப்பி அங்கிருக்கும் ஒருவரைக் கொல்லலாமா என்ற புதிரை வகுப்பில் நடத்தினார்கள். இப்போது மூளையை ஸ்கேன் செய்தே இதை ஆராய்கிறார்கள். இப்படியொரு புதிரோடு பேராசிரியர்கள் ஆயுளைக் கழிப்பதில் என்ன பயன்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் புதிரை உருவாக்கிய பிரிட்டிஷ் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபுட் அதோடு ஆயுளைக் கழிக்கவில்லை. பிரிட்டனில் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறிய 1967இல், கருக்கலைப்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் சில வரிகளில் டிராம் வந்துபோகிறது. அதற்குத் துணையாக ஒரு நீதிபதியும் வருகிறார். குற்றவாளியைத் தண்டிக்காவிட்டால் ஒரு பிரிவினரைப் பழிவாங்குவோம் என்று கலவரக் கும்பல் மிரட்டுகிறது. உண்மைக் குற்றவாளி யாரென்று தெரியவில்லை. நிரபராதி ஒருவரைத் தூக்கிலிட்டால் பலர் பிழைப்பார்கள்.

கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். ஆனாலும் ஓட்டுநரை ஏற்கிறோம், நீதிபதியை ஏற்க மறுக்கிறோம். ஓட்டுநர் எந்தப் பக்கம் போனாலும் சாவு அவர் கையால்தான். ஆகவே குறைந்த தீங்கைத் தேர்கிறார். நீதிபதி விஷயத்தில், பலரைக் கொல்லப்போவது கும்பல். அவர்களைக் காப்பாற்றுவதற்காக அவர் தன் கையால் ஒருவரைக் கொல்கிறார். தீங்கு செய்யாதிருக்கும் கடமை, உதவி செய்யும் கடமையைவிட வலியது என்கிறார் ஃபுட். நீதிபதியை விட்டுவிட்டு டிராமை மட்டும் நடத்துவது ஃபுட்டுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன்.

அமெரிக்க ஆய்வாளர் ஜோஷுவா கிரீன் குழுவினர் 2001இல் வெளியிட்ட மூளை ஸ்கேன் ஆய்வு முக்கியமானது. தீர்ப்புச் சொல்லும்போது மூளையில் எந்தப் பகுதி இயங்குகிறது என்று ஸ்கேன் காட்டும். தீர்ப்பு நியாயமா என்று காட்டாது.

ஃபுட்டை வாழ்நாள் முழுக்கத் துரத்தியது வேறு கேள்வி. 1945இல் நாஜி வதைமுகாம்களின் படங்கள் வெளிவந்தன. ‘இது தீமை’ என்பது பேசுபவரின் மனப்பாங்கு மட்டுமே என்ற கருத்துக்கு அன்றைய தத்துவ உலகில் பெரும் செல்வாக்கு. அப்படியானால் நாஜியிடம் ‘உன் மனப்பாங்கு வேறு, என்னுடையது வேறு’ என்பதற்குமேல் என்ன சொல்ல முடியும்? ஃபுட்டால் இதைச் சகிக்க முடியவில்லை. விடை எளிதில் கிடைக்கவுமில்லை. ஒழுக்கத்தில் அக்கறை உள்ளவருக்கே அது செயல்படக் காரணம் தரும் என்று 1972இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் நிலைப்பாட்டைப் பின்னாளில் அவரே கைவிட்டார். 2001இல், எண்பது வயதில், ‘இயற்கை நன்மை’ என்ற பொருள்படும் நூலை வெளியிட்டார். ஓக் மரத்துக்கு உறுதியான வேர் எப்படியோ, அப்படி மனித வாழ்வுக்கு நீதியும் வாக்குத் தவறாமையும் தேவை என்று அதில் வாதிட்டார். எனக்கு அந்த வாதத்தில் இன்னும் சில ஐயங்கள் உண்டு. ஆனால் ஒரு கேள்வியை அரை நூற்றாண்டுக்கும் மேல் கைவிடாமல் வைத்திருந்தவரின் உழைப்பைப் பயனற்றது என்று சொல்ல என்னால் முடியாது.

அந்த 1967 கட்டுரையை முழுதாகப் படியுங்கள். நீதிபதியைப் பற்றி மாற்றுக்கருத்து இருந்தால் எழுதுங்கள்.