பேசி முடித்ததும் பஸ் ஏற்றிவிட்டீர்களே!

கேள்வி: வட மாவட்டம் ஒன்றில் தொண்டு நிறுவனம் நடத்துகிறேன். அரிசி ஆலையில் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்ட ஓர் இருளர் பெண்ணை, மறுவாழ்வுக் கொள்கை பற்றிய கலந்தாய்வுக் கூட்டங்களுக்கு அழைத்து வந்தோம். ஆலையில் வாங்கிய அடிகளை அவர் சொன்னபோது அதிகாரிகளே கண்கலங்கினார்கள். சால்வை போர்த்தி, ஃபோட்டோ எடுத்து எங்கள் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டோம். அவருக்குச் சிரமம் வேண்டாமென்று காலையில் பேசி முடித்ததும் பஸ் ஏற்றிவிடுவோம். இப்போது வர மறுக்கிறார். மகளும் ‘போகாதே’ என்கிறாளாம். சின்னப் பெண், அவளுக்குப் புரியவில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: இதே கடிதம், ஊர் மட்டும் மாறி, எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது.

காலையில் பேசி முடித்ததும் பஸ் ஏற்றிவிடுவோம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முன்னாலா, பின்னாலா? கல்யாண வீட்டில் பாத்திரம் கழுவ வந்தவரைக்கூட நாம் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவோம். அது போகட்டும். என்ன செய்யலாம் என்று நீங்களும் அதிகாரிகளும் உட்கார்ந்து பேசியது மதியம்தானே? அப்போது அவர் எங்கே? பஸ்ஸில். காலையில் அழ ஒரு ஆள், மதியம் முடிவெடுக்க வேறு ஆட்களா? யாருடைய சிரமத்துக்காக அவரை அனுப்பினீர்கள் என்று நீங்களே யோசியுங்கள்.

அவரிடம் கேட்க எவ்வளவோ இருந்தது. மத்திய அரசுத் திட்டத்தில் மீட்கப்பட்ட பெண்ணுக்கு 2 லட்சம் ரூபாய். உடனடி உதவியாகக் கிடைப்பது 30,000 வரைதான். மீதியை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார்கள். வழக்கு இழுக்கிற காலத்தில் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிட்டது? மறுபடி ஏதாவது முதலாளியிடம் அட்வான்ஸ் கடன் வாங்கிச் சிக்க வேண்டி வந்ததா? சாட்சி சொல்லாதே என்று யாராவது ஆள் அனுப்பினார்களா? கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்டவர் என்று அரசு தருகிற விடுதலைச் சான்றிதழுக்கு எத்தனை தடவை ஆபீஸ் படி ஏறினார்? உங்கள் மதியக் கூட்டத்தில் இதெல்லாம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் இருந்திருப்பார். நீங்களோ அடி வாங்கிய கதையோடு நிறுத்திவிட்டீர்கள்.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. மாவட்டக் கண்காணிப்புக் குழுவில் பட்டியல் சாதியினர், பழங்குடியினரிலிருந்து மூன்று பேரைக் கலெக்டர் நியமிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இருளர்கள் பழங்குடியினர்தானே? சால்வை போர்த்திய கையால், அவருக்குச் சம்மதமானால், அவர் பெயரைக் கலெக்டருக்கு எழுதிக் கொடுங்கள். நிபுணருக்குத் தருகிற சன்மானத்தை அவருக்கும் தாருங்கள், கூட்டத்துக்கு வந்ததால் இழந்த நாள் கூலியையும் சேர்த்து.

எனக்குக் கோபம் வந்தது மகளைப் பற்றி எழுதிய இடத்தில். அவளுக்கா புரியவில்லை? அம்மாவின் ஃபோட்டோவை ஊரே பார்க்கிறது, பள்ளிக்கூடத்தில் பதில் சொல்ல வேண்டியவள் அவள். ஒரு தாய்க்குப் பிள்ளையின் மானம்தான் முதல், உங்கள் கொள்கை அறிக்கை எல்லாம் அப்புறம். நான் பழைய காலத்து ஆள், இதில் மாறப்போவதில்லை. இன்றைக்கே அந்த ஃபோட்டோக்களை எடுத்துவிடுங்கள்.

அதன் பிறகு அவர் வீட்டுக்குப் போய், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மதியக் கூட்டத்துக்கு வருவாரா என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். மாட்டேன் என்றால் சரி என்று எழுந்து வந்துவிடுங்கள். ‘உங்களுக்குப் பதில் பேச வேறு யாராவது இருக்கிறார்களா’ என்று அவரிடமே கேட்க வேண்டாம். அவர் வராவிட்டாலும், அவருக்கு வர வேண்டிய மீதிப் பணத்துக்காக நீங்கள் அலைவது நிற்கக் கூடாது.