கிணற்றில் வந்த வெள்ளைக்கல் கடல் படிவமா?

கேள்வி: சேலத்தை அடுத்த கருப்பூர் அருகே எங்கள் நிலத்தில் கிணறு வெட்டியபோது வெள்ளை நிறக் கல் வந்தது. இது பழைய கடலின் அடித்தரை என்றும், இதிலுள்ள நுண்ணுயிர்ப் படிவங்களைக் கடல்மட்ட ஆராய்ச்சிக்காக வெளிநாட்டார் வாங்குவார்கள் என்றும் சொல்லும் தரகர் ஒருவர், வயதுச் சான்றிதழுக்கு முப்பதாயிரம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம்.

அவர் சொல்லும் ஆராய்ச்சி உண்மையானது. கடலில் வாழும் ஃபொராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிர்கள் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்கின்றன; பெரும்பாலானவை மணல் துகளைவிடப் பெரியவை அல்ல. பனியுகத்தில் எடை குறைந்த ஆக்சிஜனைக் கொண்ட நீர் நிலத்தில் பனிப்பாளமாகத் தங்கிவிட, கடலில் எடை கூடிய ஆக்சிஜனின் பங்கு உயர்கிறது. அந்த மாற்றம் ஓட்டிலும் பதிகிறது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது என்பதற்கு இந்த ஓடுகளும் சாட்சி. ஆனால் இதற்குக் கடலடியில் குழாய் இறக்கி, அடுக்கு குலையாமல் எடுத்த சேறு வேண்டும். எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்பில்லாமல் சாக்கில் அள்ளிய கல்லை எந்த ஆய்வாளரும் தொடமாட்டார்.

உங்கள் கல் பெரும்பாலும் மேக்னசைட்டாகவே இருக்கும். மக்னீசியம் மிகுந்த கரும்பாறையில் கரியமில வாயு கலந்த நீர் ஊடுருவியதால் உண்டானது அது; கடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெள்ளையர்கள் நிறத்தைப் பார்த்து, அந்தக் கல் கிடைக்கும் சேலத்துக் குன்றுகளுக்குச் 'சாக் ஹில்ஸ்' (சுண்ணாம்புக் குன்றுகள்) என்று பெயரிட்டுப் போனார்கள். தரகர்கள் இன்றும் அந்தப் பெயரை வைத்தே பிழைக்கிறார்கள். சேர்வராயன் மலைப் பாறைகளோ, ஓடு கட்டும் உயிர்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே உருவானவை. உலகின் பனி முழுவதும் உருகினாலும் கடல் எழுபது மீட்டர் அளவுக்குத்தான் உயரும். சேலம் நகரமோ 270 மீட்டருக்கும் மேலே இருக்கிறது.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஏமாற்று அங்கேதான் நடக்கிறது. தரகர் கல்லில் எலுமிச்சைச் சாற்றை விட்டு, நுரை பொங்குவதைக் காட்டி, 'பாருங்கள், கடல் ஓடு' என்பார். மேக்னசைட் அந்தச் சாற்றில் அநேகமாக நுரைக்காது. ஆனால் நம் மண்ணில் சாதாரணமாகக் கிடைக்கும் சுக்கான்கல் நுரைக்கும். அது மண்ணுக்குள் நீர் வற்றும்போது திரண்ட சுண்ணாம்பு. அது நுரைப்பதால் அதில் சுண்ணாம்பு உண்டு என்று தெரியுமே தவிர, கடல் இருந்தது என்று தெரியாது. அரியலூர்ப் பகுதியைக் கடல் மூடியிருந்தது என்பதும், அங்கே நுண்படிவங்கள் கிடைக்கின்றன என்பதும் மெய்தான். அதைச் சேலத்துக் கிணற்றில் ஏற்றிப் பேசுவதுதான் பொய்.

சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். கார்பன் முறையால் சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் காலம் கணிக்க முடியாது. ஆகவே அம்முறையில் 'கோடி ஆண்டு' என்று அச்சடித்த தாள் எதுவானாலும் குப்பைத் தொட்டிக்குரியது.

ஐயம் தீரவில்லையென்றால், கைப்பிடியளவு கல்லை அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறையில் காட்டுங்கள். தேர்ந்த கண்ணுக்குப் பத்து நிமிட வேலை. அலுவலகங்களில் இதே கேள்வியைக் கேட்டால் மனு, நகல், இன்னொரு மேசை என்று அலைக்கழித்து, களைத்துப்போன மனிதரைத் தரகரிடமே திருப்பி அனுப்புவார்கள். இதை நானும் அனுபவித்திருக்கிறேன். எப்படியானாலும் கல்லை விற்கவோ வண்டியில் ஏற்றவோ வேண்டாம். சொந்த நிலமானாலும் கனிமத்தை எடுத்து விற்க அனுமதி வேண்டும், வழக்கு வந்தால் தரகரின் கைப்பேசி அணைந்திருக்கும்.