எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்

கேள்வி: டெக்சஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். மகளுக்குப் பத்து வயது. அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. பள்ளி திறந்ததும் ‘பெற்றோர் உரிமைச் சட்டம்’ என்று வரிசையாகச் சம்மதப் படிவங்கள் வந்தன. என் கணவர் ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ போட்டு அனுப்பிவிட்டார். இப்போது மகள் கோடிங் கிளப்பில் சேர முடியவில்லை. தலைவலி என்று நர்ஸ் அறைக்குப் போனவளை, எனக்கு போன் செய்து கேட்டபிறகுதான் கவனித்தார்கள். உடல் மாற்றங்கள் பற்றிய பாடத்துக்கும் படிவம் வருமாம், அதற்கும் ‘வேண்டாம்’தான் என்கிறார். ஆங்கிலப் பாடத்தில் பைபிள் கதைகள் வருவதால் அதிலிருந்தும் விலக்கு கேட்டு எழுதப் போகிறார். “என்னை மட்டும் ஏன் வெளியே உட்கார வைக்கிறீங்க?” என்று மகள் அழுகிறாள். நாங்கள் விசாவில் இருப்பவர்கள். யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உங்கள் கணவரைப் பற்றி. அவர் வீம்புக்காகச் செய்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மூர்ப் பள்ளிக்கூடம் பெற்றோரிடம் எதைக் கேட்டிருக்கிறது? ரேங்க் கார்டில் கையெழுத்து, சுற்றுலாவுக்குக் காசு. அங்கிருந்து போன ஒருவர் முன்னால் ஒரே வாரத்தில் இத்தனை படிவங்களை நீட்டினால், ‘வேண்டாம்’ என்பதுதான் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அதனால் சண்டையாக ஆரம்பிக்காதீர்கள். ஆனால் இந்த விஷயத்தில் அவர் கணக்கு தப்பு. ஏன் என்று சொல்கிறேன்.

உங்களுக்கு வந்த படிவங்களுக்குக் காரணம் டெக்சஸின் செனட் மசோதா 12. 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை ஒரு கிளப்பில் சேரவும், பள்ளியில் உடல்நலச் சேவைகளைப் பெறவும் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது. இதில் எனக்கு உடன்பாடில்லாத பகுதிகளும் உண்டு. தன்பாலின ஈர்ப்பு, பாலின அடையாளம் சார்ந்த மாணவர் கிளப்புகளை அது அடியோடு தடுத்திருக்கிறது. வீட்டில் பேச முடியாத பிள்ளைக்குப் பள்ளியில் இருந்த ஒரு மூலையும் போயிற்றே என்று வருத்தமாக இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுப் பிரச்சினை வேறு. இந்தச் சட்டத்தின் பல இடங்களில் நீங்கள் பேசாமல் இருந்தாலே ‘வேண்டாம்’ என்று அர்த்தம். கோடிங் கிளப்புக்கும் நர்ஸ் அறைக்கும் எந்த மதமும் சம்பந்தமில்லை. அவை இரண்டும் கைதவறிப் போனவை. பள்ளி அலுவலகத்துக்கு மெயில் போட்டு, புதுப் படிவம் கேட்டு வாங்கி மாற்றிக் கொடுங்கள்.

அடுத்தது அந்த உடல் மாற்றங்கள் பாடம். இதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

விலக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால்தான் பிள்ளையை விடுவிப்பார்கள் என்பது ஒரு முறை. சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தால்தான் உட்கார வைப்பார்கள் என்பது இன்னொரு முறை. கலிஃபோர்னியாவில் பாலியல் கல்விக்கு முதல் முறை, டெக்சஸில் இரண்டாவது. கலிஃபோர்னியாவில் இருக்கும் சொந்தக்காரர் வாட்ஸ்அப்பில் “ஒண்ணும் செய்யாம விட்டுடுங்க, பாடம் தானா நடக்கும்” என்று சொன்னால், அது உங்கள் ஊருக்குச் செல்லாது. டெக்சஸில் இந்தப் பாடத்துக்கான சம்மதத்தை மற்றப் படிவங்களோடு கலக்கக் கூடாது. பாடம் தொடங்குவதற்குக் குறைந்தது 14 நாட்கள் முன்பே தனியாகக் கேட்க வேண்டும். அந்தக் கடிதம் வரும்போது எடுத்து வையுங்கள்.

அதோடு இன்னொரு படிவமும் வரலாம். குழந்தைகள் மீதான கொடுமை, குடும்ப வன்முறை, ஆள்கடத்தல் ஆகியவற்றிலிருந்து தற்காத்துக்கொள்வது பற்றிய பாடத்துக்கும் டெக்சஸில் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். 2021 சட்டம் அப்படிச் சொல்கிறது. நம்மூரில் ‘குட் டச், பேட் டச்’ என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அந்த வகைப் பாடம்தான். உங்கள் கணவர் படிக்காமல் ‘வேண்டாம்’ போட்டால், யாராவது தப்பாக நடந்துகொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்று கற்றுத்தரும் வகுப்பில் உங்கள் பிள்ளை மட்டும் இருக்கமாட்டாள். எந்த அப்பாவும் தெரிந்து இதைச் செய்யமாட்டார். அவரிடம் இதை மட்டுமாவது சொல்லுங்கள்.

பாலியல் பாடம் என்றதும் அவர் மனதில் என்ன ஓடுகிறது என்பதும் எனக்குப் புரிகிறது. டெக்சஸின் கல்விச் சட்டமே, திருமணமாகாத பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு உடலுறவைத் தவிர்ப்பதுதான் சிறந்தது என்று முன்னிறுத்திச் சொல்லித்தர வேண்டும் என்கிறது. அவருக்கே இது ஆச்சரியமாக இருக்கலாம். நாலாம், ஐந்தாம் வகுப்பில் பெரும்பாலும் பருவ மாற்றம்தான் வரும். உங்கள் மகளுக்குப் பத்து வயது. நாளைக்கே பள்ளிக் கழிவறையில் வைத்து அவள் வயசுக்கு வந்துவிட்டால், பயந்துபோய் நிற்பவளாக இருக்க வேண்டுமா, என்ன நடக்கிறது என்று தெரிந்தவளாக இருக்க வேண்டுமா? நீங்கள் வீட்டில் சொல்லித்தருவீர்கள், சரி. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டுவிட்டு வந்து அரைகுறையாக இவளிடம் சொல்வார்களே, அதையும் யோசியுங்கள். படிவம் வந்தால் பாடப்பொருளைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பார்க்கும் உரிமை பெற்றோருக்குச் சட்டப்படி உண்டு. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி பைபிள். உங்கள் கணவரின் கவலையில் நியாயம் இருக்கிறது, அதை லேசாகத் தள்ள மாட்டேன். 2024 நவம்பரில் டெக்சஸ் மாநிலக் கல்வி வாரியம் ‘ப்ளூபானெட் லேர்னிங்’ என்ற பாடத்திட்டத்துக்கு 8-க்கு 7 என்ற வாக்கில் ஒப்புதல் கொடுத்தது. ஐந்தாம் வகுப்பு வரையிலான ஆங்கில வாசிப்புப் பாடத்தில் பைபிள் சார்ந்த பகுதிகள் அங்கங்கே வரும். இரண்டாம் வகுப்பில் எஸ்தர் ராணி, ஐந்தாம் வகுப்பில் டாவின்சியின் ‘கடைசி இராப்போஜனம்’ ஓவியத்தையொட்டிய பாடம். பள்ளி மாவட்டங்கள், அதாவது அந்தந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள், இதை எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் எடுத்துக்கொண்டால் மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 60 டாலர் வரை கூடுதல் பணம் கிடைக்கும். உங்கள் பள்ளி எதைப் பயன்படுத்துகிறது என்று ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்மில் எத்தனை பேர் கான்வென்ட்டில் படித்தோம்! காலையில் அங்கே ஜெபம், சாயங்காலம் பிள்ளையார் கோயில். ஒன்றும் குறைந்துபோகவில்லை. ஆனால் அது பெற்றோர் தேடிப்போய்ச் சேர்த்த பள்ளி. இங்கே பிள்ளை படிப்பது எல்லோருக்குமான அரசுப் பள்ளி. அதனால்தான் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது என்கிறேன். டெக்சஸ் கல்விச் சட்டத்தின் 26-ஆம் அத்தியாயம் இதற்கு வழி வைத்திருக்கிறது. மத அல்லது ஒழுக்க நம்பிக்கைக்கு முரணான வகுப்பிலிருந்தோ செயல்பாட்டிலிருந்தோ பிள்ளையைத் தற்காலிகமாக விலக்கிக்கொள்ள பெற்றோர் ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் தேர்வைத் தவிர்க்கவோ, ஒரு பாடத்தையே அந்தப் பருவம் முழுக்க விட்டுவிடவோ இதைப் பயன்படுத்த முடியாது. ‘ஆங்கிலப் பாடமே வேண்டாம்’ என்று உங்கள் கணவர் எழுதினால் நடக்காது. ‘இந்தத் தேதியில் வரும் இந்தப் பாடம்’ என்று எழுதலாம்.

எழுத வேண்டுமா? நானாக இருந்தால் பாடத்தை வாங்கிப் பார்ப்பேன். ‘கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறார்கள்’ என்று சொல்கிறதா, ‘இப்படித்தான் நடந்தது, நீயும் நம்பு’ என்று சொல்கிறதா? முதலாவது என்றால் பிள்ளை உட்காரட்டும். டாவின்சியின் ஓவியம் என்ன என்று தெரியாமல் வளர்வதில் அவளுக்கு ஒரு லாபமும் இல்லை. இரண்டாவது என்றால் விலக்கு கேளுங்கள், முதல்வரிடமும் பேசுங்கள். வகுப்புச் சுவரில் பத்துக் கட்டளைகள் மாட்டியிருந்தால் விலக்குப் படிவம் உதவாது. பிள்ளையை ஒரு பாடத்திலிருந்து வெளியே அழைக்கலாம், சுவரிலிருந்து எப்படி அழைப்பது? வகுப்பறைகளில் அதை மாட்டச் சொல்லும் டெக்சஸ் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் போன குடும்பங்களில் யூதர்கள், கிறிஸ்தவர்கள், மதமே இல்லாதவர்களோடு இந்துக்களும் இருக்கிறார்கள்.

விலக்கு கேட்பது பள்ளிக்கு எதிரான காரியம் என்று தயங்க வேண்டாம். 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேரிலாந்தின் மாண்ட்கோமரி கவுண்டி வழக்கில் 6-க்கு 3 என்று தீர்ப்பளித்தது. தன்பாலின உறவுகள் பற்றிய கதைப் புத்தகங்கள் வாசிக்கப்படும்போது பிள்ளைகளை விலக்கிக்கொள்ளக் கேட்ட முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர்களின் வழக்கு அது. அந்தப் புத்தகங்களைப் பற்றி எனக்கு அவர்களின் கருத்து இல்லை. ஆனால் அவர்களுக்குக் கிடைத்த அதே உரிமைதான் டெக்சஸில் பைபிள் பாடத்தின் முன் நிற்கும் உங்களுக்கும் தெம்பு.

உங்கள் கணவருக்கு ஒரு பழைய வழக்கையும் சொல்லுங்கள். முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1919-இல் நெப்ராஸ்கா மாநிலம் எட்டாம் வகுப்பு முடிக்காத பிள்ளைகளுக்கு ஆங்கிலம் அல்லாத எந்த மொழியும் கற்பிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஜெர்மன் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 25 டாலர் அபராதம். 1923-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. பிள்ளைக்கு என்ன கற்பிக்க வேண்டும் என்பதில் பெற்றோருக்கும் உரிமை உண்டு என்று அந்த நாட்டில் பேசுகிறவர்கள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுக்கிறார்கள். ஒரு வீட்டின் மொழி அடுத்த தலைமுறைக்குப் போக வேண்டும் என்பதில் பிறந்த உரிமை அது. உங்கள் மகள் சனி, ஞாயிறில் தமிழ்ப் பள்ளிக்குப் போகிறாள் என்றால், அந்த ஜெர்மன் வாத்தியாரை நீங்களும் நினைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கட்டும் என்று வாங்கிய உரிமையை, இருப்பதையெல்லாம் வெட்டிவிடப் பயன்படுத்த வேண்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.

விசாவில் இருக்கிறோம், யாரிடம் கேட்பது என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளி வாரியத் தேர்தலில் உங்களுக்கு ஓட்டு இல்லைதான். ஆனால் நான் சொன்ன உரிமைகள் பெற்றோர் என்பதால் வருபவை, குடியுரிமையால் அல்ல. டெக்சஸில் ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் ஒரு பள்ளி உடல்நல ஆலோசனைக் குழு வைத்திருக்க வேண்டும். அதில் பெரும்பான்மையினர் அந்த மாவட்டத்தில் வேலை பார்க்காத பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூடும். பருவ மாற்றப் பாடம் எந்த வகுப்பில், எப்படி என்று அங்கேதான் முதலில் பேசுவார்கள். நம் ஆட்கள் பட்டமளிப்புக்கும் தீபாவளி நிகழ்ச்சிக்கும் திரண்டு போகிறோம், இந்தக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் குறைவு. அடுத்த கூட்டம் எப்போது என்று மாவட்ட இணையதளத்தில் பார்த்து, ஒரு தடவை பின்வரிசையிலாவது உட்கார்ந்துவிட்டு வாருங்கள். முடிந்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.

மகளிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இத்தனை படிவங்களிலும் அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. பத்து வயதுக்கு அவளுக்கும் அபிப்பிராயம் இருக்கும். எந்த வகுப்பில் உட்கார அவளுக்குச் சங்கடம், எதில் ஆசை என்று இன்றைக்குச் சாப்பிடும்போது கேளுங்கள், அவர் காதில் விழும்படி. அப்புறம் கோடிங் கிளப் படிவத்தை இன்று இரவே அனுப்பிவிடுங்கள், அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை.